கிராமப்புறக் கவுண்டியில் குடியேறும் முன்: செலவுக் கணக்கு போடும் முறை

அமெரிக்கப் பெருநகரங்களில் வீட்டு விலை கையைக் கடிக்கும்போது, ஐந்து ஏக்கர் நிலத்தோடு நான்கு படுக்கையறை வீடு பாதி விலைக்குக் கிடைக்கும் கிராமப்புறக் கவுண்டிகள் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவுகள்) கண்ணில் படும். விலை பொய்யில்லை. ஆனால் குழாயைத் திறந்ததும் வரும் தண்ணீர், கண்ணுக்குத் தெரியாமல் போகும் கழிவுநீர், வாரம் ஒருமுறை வரும் குப்பை வண்டி எல்லாவற்றையும் நகரத்தில் வேறு யாரோ நடத்திக்கொண்டிருந்தார்கள். இங்கே அவற்றில் பாதி உங்கள் வீட்டு வேலையாகிவிடும். அந்த வேலைக்கும் தூரத்துக்கும் விலை போட்ட பிறகே வீட்டு விலையைப் பார்க்க வேண்டும்.

விசா முதலில்

எச்-1பி விசாவில் இருப்பவர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்ய மேலாளர் சம்மதித்துவிட்டார் என்பதற்காகப் பெட்டி கட்டக் கூடாது. வீடே பணியிடம் என்றால் அந்த முகவரிதான் கணக்கு. அது இப்போதைய பெருநகர எல்லைக்கும் அன்றாடம் போய்வரும் தூரத்துக்கும் வெளியே இருந்தால், நீங்கள் இடம் மாறுவதற்கு முன்பே கம்பெனி புதிய எல்.சி.ஏ.வோடு (அந்த இடத்துக்கான சம்பளத்தையும் பணிநிலையையும் உறுதிசெய்து தொழிலாளர் துறைக்குத் தரும் விண்ணப்பம்) திருத்திய மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். 2015-இல் வந்த சிமியோ தீர்ப்பிலிருந்து நடைமுறை இதுதான். கம்பெனி வக்கீலின் பதில் எழுத்தில் வரட்டும்.

பயிற்சி முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையைத் தள்ளுபடி செய்யும் கான்ராட் 30 திட்டத்தில் வரும் ஜே-1 விசா டாக்டர்களுக்கு, மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் 3 ஆண்டு முழுநேரப் பணி கட்டாயம். மூன்றே ஆண்டு என்றால் வாடகைதான் புத்தி. வாங்க ஆளில்லாத ஊரில் வீட்டை விற்பதற்கு ஓராண்டு ஆனாலும் ஆச்சரியமில்லை.

டவுன்பேமென்ட் இல்லாமல் கிடைக்கும் யு.எஸ்.டி.ஏ. (அமெரிக்க வேளாண்மைத் துறை) உத்தரவாதக் கடனைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். நல்ல கடன்தான். தொடக்கத்தில் 1 சதவீதம், பிறகு ஆண்டுக்கு 0.35 சதவீதம் கட்டணம். வருமான உச்சவரம்பு உண்டு. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குக் கிடைக்கும்; எச்-1பி-க்குக் கிடையாது.

கவுண்டி சராசரி எதுவரை உதவும்

எம்.ஐ.டி.யின் வாழ்வூதியக் கணிப்பான், கவுண்டி வாரியாக, குடும்ப அளவுக்கேற்ப உணவு, போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்புச் செலவுகளைக் காட்டும். வாடகைக்கு, வீட்டுவசதித் துறையான ஹட் ஆண்டுதோறும் வெளியிடும் நியாய வாடகைப் பட்டியல் இருக்கிறது. இரண்டையும் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 65,000-க்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள கவுண்டிகளுக்குச் சென்சஸ் துறை ஆண்டுதோறும் நடத்தும் ஏ.சி.எஸ். மாதிரிக் கணக்கெடுப்பு பெரும்பாலும் ஐந்தாண்டுச் சராசரியைத்தான் தரும். போன ஆண்டு வாடகை ஏறியிருந்தால் அதில் அவ்வளவாகத் தெரியாது.

ஒரே கவுண்டிக்குள்ளேயே வாழ்க்கை வேறுவேறாக இருக்கும் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். டெக்ஸாஸின் புரூஸ்டர் கவுண்டி கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. ஆஸ்பத்திரியும் பல்கலைக்கழகமும் தலைநகரான ஆல்பைனில். அதே கவுண்டியின் டெர்லிங்குவா அங்கிருந்து சுமார் 80 மைல் தெற்கே. அங்கே மழைநீரைத் தொட்டியில் பிடித்தோ லாரித் தண்ணீர் வாங்கியோ பிழைக்கும் வீடுகள் நிறைய. இரண்டுக்கும் ஒரே சராசரி. ஆகவே கணக்கைக் கவுண்டிக்குப் போடாமல் முகவரிக்குப் போடுங்கள்.

சொத்து வரி

இணையத்தில் தெரிவது இப்போதைய உரிமையாளர் கட்டும் வரி. அவருக்கு முதியோர் சலுகையோ குடியிருப்புச் சலுகையோ விவசாய நில மதிப்போ இருக்கலாம். கலிஃபோர்னியா, மிச்சிகன், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அவர் காலத்து உச்சவரம்பு விற்பனையோடு போய்விடும். உங்களுக்கு இன்றைய விலையில் மதிப்பிடுவார்கள். கவுண்டி மதிப்பீட்டாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, “இந்த விலைக்கு வாங்கினால், எந்தச் சலுகையும் இல்லாமல், அடுத்த ஆண்டு எவ்வளவு வரும்?” என்று கேளுங்கள். சின்ன ஊர்களில் போனை எடுத்துப் பொறுமையாகச் சொல்வார்கள்.

கணக்கு எளிது. வரி விகிதத்தை ‘மில்’ என்ற அளவில் சொல்வார்கள்; 1 மில் என்றால் மதிப்பில் 1,000 டாலருக்கு 1 டாலர். ஜார்ஜியாவில் சந்தை மதிப்பில் 40 சதவீதத்துக்குத்தான் வரி. 3,00,000 டாலர் வீட்டின் வரி மதிப்பு 1,20,000. 30 மில் என்று வைத்தால் ஆண்டுக்கு 3,600 டாலர். விவசாய மதிப்பில் உள்ள நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால் பழைய ஆண்டுகளின் வரி வித்தியாசத்தையும் பல மாநிலங்கள் வசூலிக்கும். டெக்ஸாஸில் முந்தைய 3 ஆண்டுகளுக்கு.

தண்ணீர்

இங்கே கஞ்சத்தனம் கூடாது. தனியார் கிணறுகள் 1974-இன் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்துக்குள் வராது. தண்ணீர் சரியில்லை என்று உங்களுக்குச் சொல்ல அரசாங்கத்தில் யாரும் இல்லை. வாங்கும் முன் சான்றிதழ் பெற்ற ஆய்வகத்தில் கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா), நைட்ரேட், ஆர்சனிக், கடினத்தன்மை, இரும்பு, அமிலத்தன்மை பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஆபத்து. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, நீர் வற்றி அடர்த்தி கூடும். சோள வயல் சூழ்ந்த வீடுகளில் இதை முதலில் பாருங்கள். குடியேறிய பிறகு கோலிஃபார்மும் நைட்ரேட்டும் ஆண்டுக்கு ஒருமுறை.

ஊற்றளவும் முக்கியம். நிமிடத்துக்கு 5 கேலன் வந்தால் சாதாரணக் குடும்பத்துக்குப் போதும்; குறைந்தால் சேமிப்புத் தொட்டி வைக்க வேண்டிவரும். ஆய்வின்போது இரண்டு மணி நேரமாவது தொடர்ந்து ஓடவிடச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லாக் கிணறும் நன்றாகத்தான் இறைக்கும்.

பம்ப் ஏற்றும் நீரை அழுத்தத்தில் வைத்திருக்கும் பிரஷர் டேங்க், வழக்கமாக 40-க்கும் 60 பி.எஸ்.ஐ.க்கும் (அழுத்த அளவு) இடையே வேலை செய்யும். பம்ப் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாக டேங்கில் காற்று இருக்க வேண்டும்; 40-இல் தொடங்கினால் 38. தண்ணீரை முழுதும் வடித்த பிறகே இதை அளக்கலாம். காற்று இறங்கிவிட்டால் குழாயைத் திறக்கும்போதெல்லாம் பம்ப் ஓடி ஓடி நிற்கும். சில டாலர் காற்றுமானியால் தெரிந்திருக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டால் பம்பே போய்விடும், அதை மாற்றுவது ஆயிரங்களில் முடியும்.

மின்சாரம் போனால் தண்ணீரும் போகும். பெரும்பாலான நீர்மூழ்கி பம்புகள் 240 வோல்ட். கடையில் வாங்கும் சிறிய 2,000 வாட் ஜெனரேட்டர் 120 வோல்ட்தான் தரும் என்பதால் அவற்றை ஓட்டாது. 240 வோல்ட் பிளக் உள்ள ஜெனரேட்டரும் எலக்ட்ரீஷியன் பொருத்திய இன்டர்லாக்கும் (வெளி மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணையாமல் தடுக்கும் பூட்டு) வேண்டும். இன்டர்லாக் இல்லாமல் வீட்டு வயரிங்கில் சொருகினால் மின்சாரம் வெளியே கம்பிக்குத் திரும்பிப் போய், அங்கே வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு வினையாகும்.

செப்டிக்

மூன்று படுக்கையறை வீட்டுக்கு 1,000 கேலன் தொட்டி வழக்கம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ.வின் பரிந்துரை 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுப்பது. விற்பவர் ரசீது காட்ட முடியவில்லை என்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியைத் திறந்து, காலி செய்து பார்க்கும் ஆய்வுதான் ஆய்வு. கழிவறையில் தண்ணீர் ஊற்றி ‘போகிறது’ என்று எழுதித் தருவது அல்ல.

செப்டிக் கெடுவது பெரும்பாலும் தொட்டியால் அல்ல, தொட்டியிலிருந்து வரும் நீர் மண்ணில் இறங்கும் வடிகால் வயலால். எண்ணெயும் திடப்பொருளும் அங்கே போய் மண்ணின் துளைகளை அடைத்துவிட்டால் புது வயல்தான். கிராமத்து வீட்டின் மிகப் பெரிய திடீர்ச் செலவுகளில் அதுவும் ஒன்று. நம் சமையலில் பொரித்த எண்ணெய், தேங்காய்ச் சக்கை, புளிக் கோது எல்லாம் சிங்க்கில் போகும் பழக்கம் உண்டு. சிங்க்கில் உணவுக் கழிவை அரைக்கும் கார்பேஜ் டிஸ்போசலை மறந்துவிடுங்கள். வெட் வைப்ஸ் பாக்கெட்டில் கழிவறையில் போடலாம் என்று அச்சடித்திருந்தாலும் போடாதீர்கள். வடிகால் வயல்மேல் கார் நிறுத்துவதும், நான்கு லோடு துணியை ஒரே நாளில் துவைப்பதும் அதே கெடுதலைச் செய்யும்.

சூடேற்றும் செலவு

இயற்கை எரிவாயுக் குழாய் இருக்காது, லாரியில் வந்து டேங்கில் நிரப்பும் புரொபேன் எரிவாயு இருக்கும். 500 கேலன் டேங்கில் 80 சதவீதம்தான் நிரப்புவார்கள், ஆக 400 கேலன். டேங்க் சொந்தமா வாடகையா என்று கேளுங்கள்: வாடகை டேங்கை அந்தக் கம்பெனி மட்டுமே நிரப்பலாம், விலை பேச இடமில்லை. கோடையிலேயே விலை பேசி வாங்கிவைப்பதும், அளவு 30 சதவீதத்துக்கு வந்ததும் ஆர்டர் போடுவதும் வழக்கமாக வேண்டும். பனிப்புயலில் லாரி வராது.

ஒரு கேலன் புரொபேனில் 91,500 பி.டி.யு. (வெப்ப அளவு), ஒரு யூனிட் மின்சாரத்தில் 3,412. புரொபேனை எரித்து வீட்டைச் சூடாக்கும் நல்ல ஃபர்னஸ் 95 சதவீதம் பயன்தரும். வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் 1 யூனிட்டுக்கு 2.5 யூனிட் வெப்பம் தருகிறது என்று கொண்டால், ஒரு கேலனின் வேலையைச் சுமார் 10 யூனிட் மின்சாரம் செய்துவிடும். யூனிட் விலையைப் பத்தால் பெருக்கிப் புரொபேன் விலையோடு ஒப்பிடுங்கள். யூனிட் 14 சென்ட், கேலன் 2.50 டாலர் என்றால் ஹீட் பம்ப்புக்கு 1.40 டாலர்தான். கடுங்குளிரில் அந்த 2.5 இறங்கும்; மின்னசோட்டா, டகோட்டா பக்கம் போகிறவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது.

தூரம்

வருமான வரித்துறை 2025-க்கு அனுமதித்த மைல் கணக்கு 70 சென்ட். பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ், தேய்மானம் எல்லாம் சேர்ந்தது என்பதால் குடும்பக் கணக்குக்கும் பொருந்தும். தினம் 50 மைல், மாதம் 22 நாள் என்றால் 1,100 மைல், 770 டாலர். இது ஒருவருக்கு. கணவன் மனைவி இருவரும் ஓட்டினால், நகரத்து வாடகைக்கும் இங்கத்திய தவணைக்கும் இருந்த வித்தியாசம் அங்கேயே தீர்ந்துபோகலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மான்கள் சாலைக்கு வரும். மான்மேல் மோதினால் காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் பணம் தரும். மானைத் தவிர்க்கத் திருப்பி மரத்தில் மோதினால் அது மோதல் சேதத்துக்கான கொலிஷன் இன்சூரன்ஸ் கணக்கு. இரண்டும் வைத்திருங்கள். மான் குறுக்கே வந்தால் நேராகப் பிரேக் போடுங்கள், திருப்பாதீர்கள்.

வீட்டுக்குப் போகும் சாலை யாருடையது என்பதையும் கேளுங்கள். கவுண்டியின் சாலை என்றால் பனியை அவர்கள் தள்ளுவார்கள். தனியார் சாலை என்றால் ஜல்லியும் உங்கள் பணம், பனியும் உங்கள் பணம். பராமரிப்பு ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டால் சில வங்கிகள் கடனே தராது.

ஆஸ்பத்திரி, தீ, இன்சூரன்ஸ்

அருகில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்பது மட்டும் போதாது. ‘கிரிட்டிகல் ஆக்ஸஸ்’ வகை என்றால் அதிகபட்சம் 25 படுக்கை, 24 மணி நேர எமர்ஜென்சி உண்டு. 2023-இல் தொடங்கிய ‘ரூரல் எமர்ஜென்சி ஹாஸ்பிடல்’ வகை என்றால் உள்நோயாளிப் படுக்கையே கிடையாது. பிரசவம் பார்க்கிறார்களா என்று தனியாகக் கேளுங்கள். பல கிராமப்புற ஆஸ்பத்திரிகள் அந்தப் பிரிவை மூடிவிட்டன. பிள்ளை பெறத் திட்டமுள்ளவர்களும், இதயநோய் உள்ள பெற்றோரை ஊரிலிருந்து வரவழைக்க நினைப்பவர்களும் இந்த ஒரு பதிலை வைத்தே முடிவெடுக்கலாம்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டம் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸின் திடீர்ப் பில்லிலிருந்து இன்சூரன்ஸ் உள்ளவர்களைக் காக்கும். சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் அதில் வராது. கவுண்டியே ஆம்புலன்ஸ் நடத்துகிறதா, தனியாரா, உங்கள் இன்சூரன்ஸை ஏற்கிறார்களா என்று விசாரியுங்கள்.

வீட்டு இன்சூரன்ஸ் விலையை ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்குங்கள். பல கம்பெனிகள் பார்க்கும் ஐ.எஸ்.ஓ. (இன்சூரன்ஸ் துறைக்கு மதிப்பீடு தரும் நிறுவனம்) தீயணைப்பு மதிப்பீடு 1 முதல் 10 வரை; 10 மிக மோசம். தீயணைப்பு நிலையத்திலிருந்து 5 மைலுக்கு அப்பால் உள்ள வீடு பெரும்பாலும் 10-இல் விழும், பிரீமியம் ஏறும், சில கம்பெனிகள் கைவிரிக்கும். வெள்ளம் சாதாரணப் பாலிசியில் அடங்காது. அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே அமலுக்கு வரும்.

இணையம், பள்ளி, சாப்பாடு

தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் இணைய வரைபடத்தில் முகவரியைப் போட்டால் வேகம் தெரியும், ஆனால் அது கம்பெனிகள் சொன்ன கணக்கு. அதே முகவரிக்கு இணைப்பு தருவதாகவும் கம்பி இழுக்கும் செலவு எவ்வளவு என்றும் எழுத்தில் வாங்குங்கள். மின்சாரம் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்து வரும் பகுதியானால் ஃபைபரும் தருகிறார்களா என்று கேளுங்கள். பல சங்கங்கள் தருகின்றன.

பள்ளியில் தரவரிசையைவிட மூன்று கேள்விகள் பயன்படும்: பஸ் பயணம் எவ்வளவு நேரம், எத்தனை ஏ.பி. பாடம் (கல்லூரி அளவு உயர்நிலைப் பாடம்), வாரம் நான்கு நாளா ஐந்து நாளா. நான்கு நாள் பள்ளி என்றால் ஐந்தாம் நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு உங்களுடையது.

இண்டியன் ஸ்டோர் நூறு மைல் தள்ளி இருந்தால் அங்கே போவதை டாக்டர், காஸ்ட்கோவோடு சேர்த்து மாதம் ஒரு நாளாக்குங்கள். ஒரு செஸ்ட் ஃப்ரீசர் அவசியம். துருவிய தேங்காய், கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் அதில் தாக்குப்பிடிக்கும்.

ஒப்பந்தம்

கிணற்று நீர், ஊற்றளவு, செப்டிக், இன்சூரன்ஸ், இணையம் ஆகிய ஐந்தும் திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆய்வுக் காலம் பத்து நாள்தான் என்றால் முதல் நாளே செப்டிக் ஆளுக்குப் போன் செய்யுங்கள். கவுண்டி முழுவதற்கும் அவர் ஒருவராகவே இருக்கலாம். தண்ணீர் மாதிரியை திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை எடுத்துக் குளிராக வைத்து அன்றே ஆய்வகத்தில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்தால் வாரக்கடைசியில் கெட்டு, மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.