ஒளிச்சேர்க்கை: ஒற்றை வரிச் சமன்பாடு தரும் தவறான புரிதல்கள்

ஒளிச்சேர்க்கையைப் பற்றிய பிழைகளில் பெரும்பாலானவை, பாடநூலில் ஒரே வரியில் அச்சாகும் அந்தச் சமன்பாட்டிலிருந்தே கிளம்புகின்றன. கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஒரு பக்கம், குளுக்கோஸும் ஆக்சிஜனும் மறுபக்கம் என்று மனப்பாடம் செய்பவர், எது எதுவாக மாறியது என்பதைத் தாமாகவே ஊகித்துக்கொள்கிறார். அந்த ஊகம்தான் காலை வாருகிறது.

தாவரம் கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுத்து, அதிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்து வெளியே விடுகிறது என்பது இவற்றில் முதன்மையானது. வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் கந்தக பாக்டீரியாக்களை ஆராய்ந்த நுண்ணுயிரியலாளர் வான் நீல், அவை நீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்தி, ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகத்தை விடுவதைக் கவனித்து, பச்சைத் தாவரங்களில் பிளக்கப்படுவது நீராகத்தான் இருக்க வேண்டும் என்று கணித்தார். 1941-இல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஐசோடோப்பைக் கொண்டு பாசியில் செய்த சோதனை அந்தக் கணிப்புக்கு வலுச் சேர்த்தது. ஒளிச்சேர்க்கை என்றாலே ஆக்சிஜன் வெளியேறும் என்று எழுதுவதும், அது தாவரங்களுக்கு மட்டுமே உரியது என்று எழுதுவதும் தவறு என்பதற்கு அந்தப் பாக்டீரியாக்களே போதுமான சான்று.

மரத்தின் எடை மண்ணிலிருந்து வருகிறது என்ற நம்பிக்கை இன்னும் பிடிவாதமானது. 17-ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் வான் ஹெல்மான்ட் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தபோது, மரத்தின் எடை சுமார் 74 கிலோ கூடியது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. மண்ணை விலக்கியதில் சரியாக இருந்த அவர், முழு எடையும் நீரிலிருந்தே வந்தது என்று முடிவு செய்ததில் தவறினார். மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். அது முழுவதும் இலைத்துளை வழியே காற்றிலிருந்து புகுந்தது. 'உரம்தான் செடியின் உணவு' என்ற பேச்சும் இதே குழப்பத்தின் வாரிசுதான். உரம் தருவது கனிமங்களை மட்டுமே, ஆற்றலை அல்ல.

சூரிய ஒளியே சர்க்கரையாக மாறுவதாகவும் சொல்லிவிடக்கூடாது. ஒளி செய்வது, பச்சையத்தின் எலெக்ட்ரான்களை உயர் ஆற்றல் நிலைக்குத் தள்ளுவது. அதன் வழியே ஏ.டி.பி., என்.ஏ.டி.பி.எச். என்ற ஆற்றல் சுமக்கும் மூலக்கூறுகள் உருவாகின்றன. அவற்றைச் செலவிட்டுத்தான், கால்வின் சுழற்சி எனப்படும் வேதிவினைத் தொடர் கார்பன் டை ஆக்சைடிலுள்ள கார்பனைப் பிணைக்கிறது. அதிலிருந்து நேரடியாகக் கிடைப்பதும் குளுக்கோஸ் அல்ல, மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட சர்க்கரை பாஸ்பேட். இந்தச் சுழற்சிக்கு 'இருள்வினை' என்ற பழைய பெயர் இருப்பதால் அது இரவில் நடப்பதாக எழுதுகிறார்கள். உண்மையில் அதன் முக்கிய நொதிகள் பல, வெளிச்சத்தில்தான் முழுவீச்சில் இயங்குகின்றன.

பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று முறை பிரித்து வைப்பதும் அத்தகையதே. சுவாசம் இரவு பகலாக ஓயாமல் நடக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் மிகுதியாக இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை.

ஒளிச்சேர்க்கைக்கு ஒளி தேவை என்பதை, இலையின் ஒரு பட்டையைக் கருப்புத் தாளால் மறைத்துச் செடியை வெளிச்சத்தில் வைத்து, ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம்; அந்தச் சோதனையிலும் தவறுகள் நேர்கின்றன. தாளை ஒட்டும் முன், தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைப்பது வழக்கம். அவ்வளவு நேரத்தில், ஒளிச்சேர்க்கையில் உருவாகி இலையில் சேமிக்கப்பட்டிருந்த ஸ்டார்ச் (மாவுச்சத்து) சர்க்கரையாகி, சுவாசத்துக்கும் செடியின் பிற பகுதிகளுக்கும் போய்விடுகிறது. இந்தப் படியைத் தவிர்த்தால், கருப்புத் தாள் ஒட்டிய பகுதியிலும் பழைய ஸ்டார்ச் எஞ்சியிருந்து, சோதனையே பொருளற்றுப் போகும். அடுத்த தவறு ஆபத்தானது: பச்சையத்தை நீக்க இலையை ஆல்கஹாலில் சூடாக்கும்போது, அதை நேரடியாகச் சுடரின் மேல் வைப்பது. ஆல்கஹால் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஆல்கஹால் குழாயை நிறுத்த வேண்டும். வெளிறி மொடமொடப்பான இலையை வெதுவெதுப்பான நீரில் அலசி அயோடின் கரைசலைச் சொட்டினால், ஒளி பட்ட பகுதி கருநீலமாகும். தாள் மறைத்த பட்டை மட்டும் பழுப்பாகவே நிற்கும்.