பழைய சீ.டி. 200க்குச் சத்தம் குறைந்த சைலன்சர்: கடைக்குப் போகும் முன் ஒரு பழந்துணி

சைலன்சர் வாங்கக் கிளம்பும் முன் வீட்டில் தடித்த பழந்துணி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். நான் அதைப் பார்க்காமல் நேரே, கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். ஒரு ஜோடி சைலன்சர் வாங்கி மாட்டினேன். காசு போனது, சத்தம் போகவில்லை.

என்னுடையது ஹொண்டா சீ.டி. 200 ரோட்மாஸ்டர் மோட்டார் சைக்கிள். 194 சீ.சீ., இரண்டு சிலிண்டர், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். மாமா ஓடிய வண்டி. இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில். இரு பக்கமும் மாடிக் கட்டடங்கள். காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி மேலே ஏறும். மூன்றாம் மாடி அன்ரி ஒருநாள் பல்கனியில் நின்று, “தம்பி, பைக்கைக் கொஞ்சம் மெயின் ரோட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் பண்ண ஏலாதா?” என்று கேட்டார். கோபமில்லாமல் கேட்டதுதான் கூடுதலாக உறைத்தது. ஒரு மாதம் தள்ளினேன்.

முதலில் துணி

பைப் சேரும் இடங்களில் புகை கசிகிறதா என்று பார்க்கத்தான் துணி. எஞ்சின் ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில் வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். அபார்ட்மென்ட் கீழ்த்தளப் பார்க்கிங்கில் வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும். கையுறை போட்டு, துணியைச் சுருட்டி ஒரு சைலன்சரின் வாயை இரண்டு மூன்று நொடி அழுத்தி மூடுங்கள். ஒரு சிலிண்டர் வண்டி என்றால், கசிவு இல்லாதபோது எஞ்சின் நிற்கும். இரட்டை சிலிண்டரில் அப்படி நிற்காது. மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும், கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான். அதனால் நிற்கிறதா என்று பார்க்காமல் ‘ஸ்ஸ்’ என்று எங்கே ஊதுகிறது என்று கேளுங்கள். சிலிண்டர் ஹெட்டில் பைப் சேரும் இடத்திலா, பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்திலா? பிறகு மற்றப் பக்கத்தையும் இப்படியே பாருங்கள்.

துணி இல்லாமலே தெரியும் அடையாளங்களும் உண்டு. பைப் சேரும் இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். குளிர்ந்த எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்து, சூடேறியதும் குறையும். த்ரொட்டிலை விட்டதும் ‘பட் பட்’ என்று வெடிக்கும். அந்த வெடிப்பைக் காபரேட்டர் கோளாறு என்று நினைத்து ஒரு சனிக்கிழமை முழுவதும் நான் ஜெட் கழுவினேன்.

இதைப் பார்க்காமல் எந்த சைலன்சரை மாட்டினாலும் பிரயோசனம் இல்லை. சைலன்சர் அடக்குவது தனக்குள் வந்து சேரும் சத்தத்தைத்தான். ஹெட்டிலேயே வெளியேறும் சத்தம் அதன் பக்கமே போவதில்லை.

நான் விழுந்த குழி: செம்பு வளையம்

பைப் சிலிண்டர் ஹெட்டுக்குள் போகும் இடத்தில் ஒரு கெஸ்கட் வளையம் இருக்கும். புதிதாக வாங்கும்போது தடிப்பாக இருக்கும், இறுக்கும்போது நசுங்கி இடைவெளியை அடைக்கும். ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. விலை மிகச் சிறியது. இரண்டு வாங்கி வந்து பைப்பைக் கழற்றி வைத்து இறுக்கினேன். கசிவு நிற்கவில்லை, முன்னையதைவிடக் கூடியது.

மூன்று முறை கழற்றி மாட்டிய பிறகுதான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். துவாரத்தின் அடியில் ஒரு சீரான கறுப்பு விளிம்பு. ஹெட்டின் அலுமினியம்தான் அப்படி வார்த்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். நகத்தால் சுரண்டியபோது கரி உதிர்ந்து, கீழே செம்பின் நிறம் மினுங்கியது. பழைய வளையம்! பல வருடக் கரியில் ஊறி, நசுங்கித் தகடாகி, ஹெட்டின் ஒரு பகுதி போலவே ஒட்டிக் கிடந்தது. அதன் மேல்தான் புதியதை வைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமராது, ஒரு பக்கம் சாயும், சாய்ந்த பக்கத்தால் ஊதும். மற்றப் பக்கத் துவாரத்திலும் ஒன்று இருந்தது.

அதை எடுக்கத் திருப்புளியால் நெம்பாதீர்கள். அலுமினியம் கீறுப்பட்டால் அந்தக் கீறல் வழியே காலமெல்லாம் கசியும். என் ஆயுதம் பழைய சைக்கிள் சக்கரக் கம்பி. நுனியைத் தட்டித் தட்டையாக்கி, இரண்டு மில்லிமீற்றர் கொக்கியாக வளைத்தேன். வளையத்தின் உள்விளிம்புக்குள் கொக்கியை விட்டு, ஒரே இடத்தில் இழுக்காமல் சுற்றிச் சுற்றி இழுத்தால் பத்து நிமிடத்தில் கழன்று வரும். கடையில் விற்கும் பிக் செட் என்ற கொக்கிக் கருவிகள் எல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

புதிய வளையம் கிடைக்காவிட்டால், பழையது முழுச் செம்பு என்றால் மட்டும், காஸ் அடுப்பில் மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மீண்டும் மென்மையாகும். ஒரு அவசரத்துக்குச் சரி. சிவப்பு சிலிக்கன் பூசி அடைக்கலாம் என்று கராஜில் சொல்வார்கள். அந்த இடத்துச் சூட்டில் அது கருகி உதிரும். நான் பூசிப் பார்த்துவிட்டேன்.

வளையம் மாற்றியதோடு, போன் செயலியில் அளந்தபோது நான்கு டெசிபல் குறைந்தது. பத்து டெசிபல் குறைந்தால்தான் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதனால் சைலன்சரும் தேவைதான்.

அளக்கும் முறை: சைலன்சர் வாயிலிருந்து அரை மீற்றர், அதே உயரம், 45 பாகை பக்கவாட்டில். போன் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். வேலைக்கு முன் அளந்ததற்கும் பின் அளந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள்.

எந்த சைலன்சர்?

இரண்டு வகை. ஒன்று, துளைக் குழாயைச் சுற்றிக் கண்ணாடிக் கம்பளி அடைத்தது. வாயில் டோர்ச் அடித்தால் மறுமுனை தெரியும். மற்றது, உள்ளே தடுப்புத் தகடுகளும் அறைகளும் உள்ளது, வெளிச்சம் மறுபக்கம் வராது. அமைதி வேண்டும் என்றால் இரண்டாவதை வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். கம்பளி காலப்போக்கில் எரிந்தும் ஊதுப்பட்டும் போகும், வருடத்துக்கு வருடம் சத்தம் ஏறும். கடைக்காரர் அதை ‘ஸ்போர்ட்ஸ்’ என்பார்.

அடுத்தது கொள்ளளவு. ஒரு சிலிண்டரின் அளவைப்போல் பத்து மடங்காவது சைலன்சரின் வயிறு இருக்க வேண்டும் என்பது நான் பிடித்துக்கொண்ட கணக்கு. என் வண்டியில் ஒரு சிலிண்டர் 97 சீ.சீ., ஆக ஏறக்குறைய ஒரு லீற்றர். முதலில் நான் ஏமாந்து வாங்கிய குட்டை சைலன்சர் 50 மில்லிமீற்றர் விட்டம், 250 நீளம்: அரை லீற்றர்கூட வராது. 75 விட்டமும் 400 நீளமும் என்றால் ஒன்றே முக்கால் லீற்றர். அழகுக்கு ஆசைப்பட்டுக் குட்டையாக வாங்காதீர்கள்.

பழைய ஒரிஜினல் சைலன்சர் உள்ளே உக்காமல் கிடைத்தால் அதுதான் மலிவும் அமைதியும். புதிய நகல் தயாரிப்பைவிட அதற்குத்தான் என் வாக்கு. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த காலத்தில் பழைய வண்டிச் சாமானுக்கும் கிராக்கி ஏறியது, தேடப் பொறுமை வேண்டும். கடையில் தூக்கிப் பாருங்கள், ஒரே அளவில் பாரமானது நல்லது. குலுக்குங்கள்: ‘சர சர’ என்றால் துரு, ‘கட கட’ என்றால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது. பிறகு நீளக் கம்பி ஒன்றை உள்ளே விட்டுத் தட்டுங்கள். நான் அப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, சைலன்சர் வாங்க வந்தீங்களா, டொக்டர் வேலைக்கு வந்தீங்களா?” என்றார். வெட்கப்படாமல் தட்டுங்கள்.

போகும்போது விட்டம் அளக்கும் வேர்னியர் கொண்டு போங்கள். உங்கள் பைப் முனையின் வெளி விட்டத்தைத் துருவை உரசிவிட்டு அளந்து எழுதி வையுங்கள். சைலன்சர் வாயின் உள் விட்டம் அதைவிட அரை மில்லிமீற்றர் கூடினால் கிளாம்ப் பிடிக்கும். அதற்கு மேல் என்றால் லேத் பட்டறையில் இடைவெளியை நிரப்பும் ஒரு குழாய்த் துண்டு (ஸ்லீவ்) கடைந்து போட வேண்டும். டிஜிட்டல் வேர்னியர் எனக்குச் சரிவராது, தேவைப்படும் நாளில் பற்றரி செத்துக் கிடக்கும். ஸ்லீவுக்குக் கல்வனைஸ் பைப்பை வெட்டித் தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். வெல்டிங் சூட்டில் அந்தத் துத்தநாகப் பூச்சின் புகை வெல்டரைக் காய்ச்சலில் படுக்க வைக்கும்.

மாட்டும் ஒழுங்கு

எல்லாவற்றையும் முதலில் தளர்வாக மாட்டுங்கள். இறுக்குவது ஹெட்டில் தொடங்கும்: இரண்டு நட்டையும் மாறி மாறி, கால் சுற்றுக் கால் சுற்றாக. அடுத்தது நடுக் கிளாம்ப், கடைசியாகப் பின் பிரக்கெட். பின்னால் முதலில் இறுக்கினால் பைப் எந்நேரமும் இழுபட்டபடி இருக்கும், ஒரு நாள் பிரக்கெட் வெடிக்கும். கழற்றும்போது நட் அசையாவிட்டால் முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். நட் ஏறும் கம்பியான ஸ்டட் முறிந்தால் இந்தக் கட்டுரையின் மலிவுக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு, ஆறியதும், எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள்.

இரண்டு பைப்பையும் இணைக்கும் குறுக்குக் குழாய் உங்கள் வண்டியில் இருந்தால் வெட்டி எறிய வேண்டாம், சத்தத்தைக் குறைப்பதில் அதற்கும் பங்குண்டு.

நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியின் நிறத்தைப் பாருங்கள். இளம் மண்ணிறம் என்றால் நல்லது. வெள்ளை என்றால் பெற்றோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று உறிஞ்சுகிறது. கறுப்பு என்றால் புதிய சைலன்சர் மூச்சை அடைக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு சேர்த்தவை

இதை வாசித்த ஒருவர் ஆறு மாதத்தில் சைலன்சர் அடியில் ஓட்டை விழுந்தது என்று எழுதியிருந்தார். விசாரித்தால், வீட்டிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போய்வர மட்டும் ஓடுகிறார். அந்தச் சிறு தூரத்துக்குச் சைலன்சர் முழுதாகச் சூடேறாது. உள்ளே சேரும் தண்ணீர் ஆவியாகாமல் தங்கும். வெளியே கடற்காற்று வேறு. ஆகத் தாழ்ந்த இடத்தில் இரண்டு மில்லிமீற்றர் வடிதுளை இருக்கிறதா என்று பாருங்கள், பல நகல் சைலன்சர்களில் இருக்காது. வாரம் ஒருமுறையாவது வண்டியை மொறட்டுவ வரைக்கும் விடுங்கள்.

இன்னொருவர் சைலன்சர் வாய்க்குள் சிறு துவாரத் தகடு ஒன்றை வெல்ட் பண்ணிச் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டார். வாகன அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போனபோது பரிசோதிப்பவர்களின் குழாய் உள்ளே போகவில்லை. தகடு போடுவதானால் கழற்றக்கூடிய மாதிரி ஒரு போல்ட்டில் போடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். அவற்றில் பைப்பின் வடிவமே எஞ்சினின் பலத்தோடு சேர்த்துக் கணக்கிட்டது. பெரும்பாலும் உள்தடுப்பில் எண்ணெய்க் கரிதான் அடைத்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள், புதிது வாங்கத் தேவையே வராமல் போகலாம்.

அன்ரியைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். போன கிழமை படியில் கண்டபோது, “பைக்கை வித்துப்போட்டீங்களா தம்பி?” என்றார்.