நின்று நின்று போன பெண்டுலக் கடிகாரம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய சாவிக் கடிகாரம் ஒருவழியாக ஓடுகிறது. முழுசாகச் சாவி கொடுத்தாலும் பத்து நிமிடம் ஆடிவிட்டுப் பெண்டுலம் நின்றுவிடும். தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். முள்கள் உரசுகிறதா என்று பார்த்தேன், இல்லை. ரசமட்டம் வைத்துப் பெட்டியை நேராக்கியும் நின்றது.

அப்புறம்தான் சத்தத்தைக் கவனித்தேன். டிக்-டாக்... டிக்-டாக்... என்று நொண்டியது, இடைவெளி சமமாக இல்லை. பெட்டியின் அடிப்பாகத்தை மெல்ல இடப்பக்கம் நகர்த்த, ஓரிடத்தில் சத்தம் சீரானது. அங்கேயே சுவரில் பென்சில் கோடு போட்டுவிட்டேன். பெட்டி லேசாகச் சாய்ந்துதான் தொங்குகிறது. உள்ளே பெண்டுலத்தைத் தள்ளும் கம்பியை இம்மியளவு வளைத்தால் பெட்டியும் நேராக நிற்கும். அதில் கைவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. கொஞ்சம் வேகமாக ஓடியதை, பெண்டுலத்தின் நுனியில் உள்ள குண்டுக்குக் கீழுள்ள திருகைத் தளர்த்திக் குண்டை இறக்கியதும் சரியாகிவிட்டது.