ஸ்னோமொபைல்ல ஆள் மாறுனா பின் சஸ்பென்ஷனையும் மாத்தணும், எப்படின்னு சொல்றேன்

போன குளிர்காலத்துல கனடா ஒன்டாரியோல ஹாலிபர்ட்டன் பக்கம் ராத்திரி ஸ்னோமொபைல் (பனியில ஓட்டுற வண்டி) ஓட்டிட்டு வர்றேன், பின்னாடி மச்சினன், ஆளு 105 கிலோ, அதுக்கும் பின்னாடி ரெண்டு பேரோட பை. ஹெட்லைட் வெளிச்சம் ட்ரெயில்ல விழவே இல்ல, பைன் மரத்து உச்சிய காட்டிட்டு இருக்கு, வளைவுல ஹேண்டில திருப்புனா வண்டி பாட்டுக்கு நேரா போவுது. வண்டில ஒரு கோளாறும் இல்லங்க, நான் தனியா ஓட்டுற செட்டிங்லயே ரெண்டு பேர் ஏறிட்டோம், அவ்ளோதான்.

ஊர்ல பைக்ல டபுள்ஸ் போறதா இருந்தா மெக்கானிக் பின் ஷாக்க ஒரு ஸ்டெப் ஏத்தி விடுவாரே, அதே கதைதான். என்ன, பைக்ல பின்னாடி அமுங்குனா முதுகு வலியோட போயிடும், இங்க பின்னாடி அமுங்குனா முன்னாடி வண்டிய திருப்புற ஸ்கீ (சறுக்குப் பலகை) மேல இருக்குற வெயிட் குறைஞ்சு ஸ்டியரிங்கே போயிடும்.

முதல்ல ஒரு டேப் எடுங்க. வண்டிய கெட்டியான தரையில நிறுத்தி, பின் பம்பர பிடிச்சு சஸ்பென்ஷன் முழுசா நீளுற வரைக்கும் தூக்கி (ட்ராக், அதாவது வண்டிக்கு கீழ சுத்துற ரப்பர் பெல்ட், தரைய விட்டு கிளம்பக்கூடாது), தரையிலேர்ந்து பம்பர் வரைக்கும் அளங்க. அப்புறம் ஹெல்மெட், சூட், பூட்ஸ் எல்லாம் போட்டுட்டு ஏறி ரெண்டு மூணு தடவ குதிச்சுட்டு வழக்கமா உக்கார்ற மாதிரி உக்காருங்க, இன்னொருத்தர அதே இடத்துல அளக்க சொல்லுங்க. பின் சீட்ல ஆள் வர்றதா இருந்தா அவரையும் ஏத்தணும், பையையும் கட்டணும், டேங்கும் ஃபுல்லா இருக்கணும், 40 லிட்டர் பெட்ரோலே கிட்டத்தட்ட 30 கிலோ வருது. ரெண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு பேரு சாக் (sag). ஸ்கீ-டூ கம்பெனி வண்டி மேனுவல்ல 50லேர்ந்து 75 மில்லிமீட்டர்னு போட்டிருக்கும், மத்த கம்பெனி வண்டின்னா அவங்க மேனுவல பாத்துக்கோங்க. உதாரணத்துக்கு தூக்குனப்ப 64 செ.மீ., உக்காந்தப்ப 55 செ.மீ.ன்னா சாக் 90 மி.மீ., ரொம்ப சாஃப்ட். 40 தான் வருதுன்னா ரொம்ப ஸ்டிஃப், பள்ளத்துல எல்லாம் சீட் உங்கள தூக்கி எறியும்.

மாத்துற இடம் பின் டார்ஷன் ஸ்பிரிங் (முறுக்குல வேலை செய்யுற ஸ்பிரிங்). ட்ராக்குக்கு உள்ள ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்கோட கால் ஒரு கேம் (திருப்புனா ஸ்பிரிங்க ஸ்டெப் ஸ்டெப்பா இறுக்குற கட்டை) மேல உக்காந்திருக்கும், வண்டியோட வந்த டூல்கிட்லயே அத திருப்புற ஸ்பேனர் இருக்கும். ஆள் இறங்குனதுக்கு அப்புறம், பின்பக்கத்த தூக்கி ஸ்டாண்ட்ல வெச்சுட்டு திருப்புனா சுலபம். ஒரு தடவைக்கு ஒரு ஸ்டெப் மட்டும், ரெண்டு பக்கமும் ஒரே நம்பர், திரும்ப அளங்க. கைய கேமுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல விட்டுடாதீங்க. கடைசி ஸ்டெப்லயும் சாக் அடங்கலன்னா ஸ்பிரிங்கே உங்க வெயிட்டுக்கு பத்தல, கனமான ஸ்பிரிங் வாங்கி போடணும். சில வண்டில டார்ஷனுக்கு பதிலா காயில் ஸ்பிரிங்கோ ஏர் ஷாக்கோ இருக்கும், அங்க காலர திருப்பணும் இல்ல காத்த ஏத்தணும், அளக்குறது ஒண்ணுதான். நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க, ஷாக்ல இருக்குற கிளிக்கர திருகிட்டு வெயிட்டுக்கு செட் பண்ணிட்டேன்னு சொல்றாங்க, கிளிக்கர் ஷாக் எவ்ளோ வேகமா அமுங்கணும் திரும்பணும்ங்கறதத்தான் மாத்தும், உங்கள தாங்குறது ஸ்பிரிங்.

சாக் சரியானதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம். கப்ளர் பிளாக் (பின் சஸ்பென்ஷனோட முன் பாதியும் பின் பாதியும் தனித்தனியா அசையுறத கட்டுப்படுத்துற கட்டை) இருக்குற வண்டின்னா ரெண்டு பேர் போறப்ப அத ஸ்டிஃப் பக்கம் வைங்க, த்ராட்டில் குடுக்குறப்ப பின்னாடி சாஞ்சு ஸ்கீ தூக்குறது குறையும். தனியா ஆழமான பனியில போறீங்கன்னா சாஃப்ட் பக்கம், அங்க ஸ்கீ லேசாகுறது நல்லதுதான். இன்னும் வளைவுல ஸ்கீ பிடிக்கலன்னா ட்ராக்குக்கு உள்ள முன்பக்கம் இருக்குற நடு ஷாக்கோட பிரீலோட (ஸ்பிரிங்க முன்கூட்டியே இறுக்கி வெச்சிருக்குற அளவு) கொஞ்சம் குறைங்க, அதுக்கும் மசியலன்னா லிமிட்டர் ஸ்ட்ராப்ப (பின் சஸ்பென்ஷனோட முன்பக்கம் எவ்ளோ நீளலாம்னு பிடிச்சு வெக்குற பட்டை) ஒரு ஓட்டை சுருக்கலாம், ஆனா ஸ்ட்ராப்ப தொட்டா ட்ராக் டென்ஷனும் மாறும், அத செக் பண்ணாம கிளம்பாதீங்க. நான் ஸ்ட்ராப் பக்கம் போறதே அபூர்வம், முக்காவாசி பிரச்சன கேம்லயே தீந்துடுது.

ரெண்டு செட்டிங்க ஒரே நேரத்துல மாத்தாதீங்க, எதனால சரியாச்சுன்னே தெரியாம போயிடும். ஒண்ண மாத்து, அதே ட்ரெயில்ல அஞ்சு கிலோமீட்டர் ஓட்டு, அப்புறம் அடுத்தது.

ஒரு ஆளுக்குன்னு செஞ்ச வண்டில கேம எவ்ளோ ஏத்துனாலும் ரெண்டாவது ஆள ஏத்தக்கூடாது, பின் ரேக்குக்கும் எவ்ளோ கிலோன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பாத்துக்கோங்க. மச்சினன இறக்கி விட்டதும் கேம பழைய நம்பருக்கு இறக்கிடுங்க, இல்லன்னா தனியா வர்றப்ப பின்னாடி தூக்கிட்டு ஸ்டியரிங் கல்லு மாதிரி கனக்கும். நான் ஹூடுக்கு உள்பக்கம் ஒரு டேப் ஒட்டி "தனியா 2, டபுள்ஸ் 4"ன்னு மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கேன்.