சின்ன விமானமா? காலை முதல் சர்வீஸைப் பிடியுங்கள்

மலைப்பகுதி ஊர்களுக்கு ட்வின் ஆட்டர் மாதிரி சின்ன விமானத்தில் போவதாக இருந்தால், கட்டணம் கொஞ்சம் கூடினாலும் காலை முதல் சர்வீஸுக்கே டிக்கெட் போடுங்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பும், மேகமும் சேரும். இப்படிப்பட்ட ஓடுதளங்களில் விமானி பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும் என்பதால், நேபாளத்தின் லுக்லாவில் மதியத்துக்கு மேல் விமானம் ரத்தாவது சகஜம். அதோடு ஒரே விமானம் நாள் முழுக்கப் போய்வரும் தடங்களில், ஒவ்வொரு தாமதமும் சேர்ந்து கடைசிப் பயணியின் தலையில்தான் விழும், ரத்தானால் ஓர் இரவு ஓட்டல் செலவு வேறு.

காலையில் மூடுபனி படியும் இடங்களுக்கு இது சரிவராது. ஸ்காட்லாந்தின் பாரா தீவிலும் இந்த யோசனை எடுபடாது. அங்கே கடற்கரை மணலே ஓடுதளம், கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் அட்டவணையே போடுகிறார்கள்.