அடுப்பு வாங்கப் போகும் முன் தோசைக்கல்லைக் கவிழ்த்துப் பாருங்கள்

கோலாலம்பூரின் செந்தூலில் வாடகைக்கு எடுத்த அடுக்குமாடி வீட்டில் நான் வார்த்த முதல் தோசை, நடுவில் கரியாகவும் ஓரத்தில் மாவாகவும் இருந்தது. குற்றம் மாவில் இல்லை. பளபளக்கும் கருப்புக் கண்ணாடியில் மயங்கி, விலையை மட்டும் கேட்டு, இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கி வந்திருந்தேன். அதனுள் இருந்த சுருள், என் தோசைக்கல்லின் பாதி அகலம்கூட இல்லை. முதல் முறையாக அடுப்பு வாங்குகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே தொடங்க வேண்டும்.

படி 1: பாத்திரங்களைத் தரையில் பரப்புங்கள்

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பாருங்கள். நன்றாகப் பிடித்துக்கொண்டால் இண்டக்‌ஷனுக்கு ஆகும். இரும்புத் தோசைக்கல் பிடிக்கும். அலுமினியக் குக்கர், பித்தளை, மண்சட்டி பிடிக்காது. எவர்சில்வரில் சில பிடிக்கும், சில பிடிக்காது. அம்மா கொடுத்த பாத்திரம் என்பதற்காகக் காந்தம் இரக்கப்படாது.

அடுத்து, அடிப்பாகம் தட்டையா என்று பாருங்கள். உருண்டை அடி வாணலி கண்ணாடி மேல் ஒரு புள்ளியில்தான் தொடும். வாரம் நான்கு நாள் வாணலியில் வதக்குகிறவர், கத்தரிக்காயைத் தீயில் சுட்டுத் துவையல் அரைக்கிறவர், மண்சட்டியில் மீன்குழம்பு வைக்கிறவர் என்றால் உங்களுக்கு எரிவாயுதான். படி 2-ஐப் படித்துவிட்டு நேரே படி 5-க்குப் போகலாம்.

படி 2: வீட்டு நிர்வாகத்திடம் கேளுங்கள்

கோலாலம்பூரில் சில உயர்மாடிக் குடியிருப்புகளில் எரிவாயு தோம்பை (சிலிண்டரை) உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை. வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது வேதனை. குழாய் வழியாக எரிவாயு வந்தால், அது இயற்கை எரிவாயுவா, தோம்பில் வரும் எல்பிஜியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பர்னர் துளை அளவு வேறு. தோம்புக்குத் தடை இல்லையென்றால், மானிய விலை கிலோவுக்கு 1 ரிங்கிட் 90 சென். 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 சென்.

படி 3: சுவரிலுள்ள பிளக்கைப் பாருங்கள்

நம் மூன்று முனை பிளக் 13 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 3000 வாட். ஒற்றை அடுப்புக்கு இது போதும். இரண்டு மூன்று வட்டங்கள் கொண்ட கண்ணாடி அடுப்பின் மொத்த வாட் இதைத் தாண்டினால், உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்துத் தனி இணைப்பு போட வேண்டும். அந்தக் கூலியையும் அடுப்பின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 4: கடையில்

கருப்புக் கண்ணாடி எல்லாம் இண்டக்‌ஷன் அல்ல. சிலவற்றில் கண்ணாடிக்கு அடியில் சூடேறும் சுருள் சிவந்து ஒளிரும். இதற்குக் காந்தம் தேவையில்லை, தட்டை அடி போதும்; ஆனால் அணைத்த பிறகும் கண்ணாடி வெகுநேரம் சுடும். பாயசம் பொங்கி வழிந்து சர்க்கரை அதன்மேல் இறுகினால் கண்ணாடியே பெயரக்கூடும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

கண்ணாடி இல்லாத கம்பிச்சுருள் அடுப்பு மலிவு, முரட்டுத்தனமானது. மெதுவாகச் சூடேறும், அதைவிட மெதுவாக ஆறும். பால் பொங்கும்போது விசையை அணைத்தால் பால் நிற்காது. பாத்திரத்தை இறக்க வேண்டும். கடுகு தாளிக்கும்போதும் இதே தொல்லை. ரசத்துக்கு மட்டும் இது வரம்: இரண்டு நிமிடம் முன்பே அணைத்துவிடலாம்.

எந்த மின் அடுப்பானாலும் சிரிம் (மின்பொருள்களைச் சோதித்துச் சான்று தரும் மலேசிய அமைப்பு) ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பாருங்கள். தோசைக்கல்லின் அகலத்தை அளந்து எழுதிச் சென்று, அடுப்பு வட்டத்தோடு ஒப்பிடுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

படி 5: எரிவாயு என்றால் முதல் நாள்

தோம்பை நிமிர்த்தி வையுங்கள். வால்வைத் திறந்து, ரெகுலேட்டர், குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு, உடனே மூடிவிடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். வாடை அடித்தால் விளக்கு, விசிறி எதன் சுவிட்சையும் தொடாமல் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

என் வீட்டில் இப்போது இரட்டை எரிவாயு அடுப்பு. அந்த இண்டக்‌ஷன் ஓரமாக இருக்கிறது. காலையில் தேநீருக்கு அதுதான் முந்துகிறது.