டிராகன்கள் போரிடும் ஒன்பது நூல்கள்: திருகோணமலையிலிருந்து ஒரு வாசிப்பு வழிகாட்டி

நெப்போலியன் காலத்துப் போர்களில் குதிரைப் படையும் பீரங்கிக் கப்பல்களும் இருந்ததைப் போலவே டிராகன் படையும் இருந்திருந்தால் அந்த நூற்றாண்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, அமெரிக்க எழுத்தாளர் நவோமி நோவிக் 2006 முதல் 2016 வரை ஒன்பது நாவல்களை எழுதினார். பிரித்தானியக் கடற்படைக் கப்டன் வில்லியம் லோரன்ஸ் ஒரு பிரெஞ்சுக் கப்பலைப் பிடிக்கிறார். அதற்குள் பொரிக்கும் தறுவாயில் ஒரு டிராகன் முட்டை இருக்கிறது. நடுக்கடலில் ஓட்டை உடைத்து வெளிவரும் குட்டி, தனக்கென்று ஒதுக்கப்பட்டவரை விட்டுவிட்டு லோரன்ஸையே தேர்ந்துகொள்கிறது. டெமரெய்ர் என்று பெயர் பெறும் அந்த டிராகனும் லோரன்ஸும் கண்டம் கண்டமாக அலைவதே தொடரின் கதை. இதனை எந்த ஒழுங்கில், எவற்றைக் கவனித்து வாசித்தால் பயன் மிகும் என்பதை, திருகோணமலையில் வாழும் ஒரு வாசகன் என்ற நிலையிலிருந்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாங்கும்போது செய்ய வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. முதல் நூல் இங்கிலாந்தில் ‘டெமரெய்ர்’ என்றும் அமெரிக்காவில் ‘ஹிஸ் மெஜெஸ்டிஸ் டிராகன்’ என்றும் வெளியானது. இரண்டும் ஒரே நூல்தான் என்பதை அறியாமல் இரண்டையும் வாங்கி விடக்கூடாது. அடுத்து, எந்த நூல் கையில் கிடைத்தாலும் முதல் நூல் கிடைக்கும் வரை அதனைத் திறக்காமல் வைத்திருப்பது நல்லது. பழைய புத்தகக் கடை ஒன்றில் மூன்றாம் நூல் மலிவாகக் கிடைத்ததென்று நான் அதிலிருந்து தொடங்கினேன். அதில் வரும் பகைமைகள் பலவற்றுக்கும் இரண்டாம் நூலில்தான் வேர் இருக்கிறது என்பதால், அறுபது பக்கம் தாண்டியும் யார் யாரை ஏன் வெறுக்கிறார் என்று விளங்காமல் மூடி வைத்துவிட்டு, பின்னர் ஒழுங்காக ஆரம்பத்திலிருந்து வந்தேன். ஒன்பதும் தனித்தனிக் கதைகள் அல்ல, ஒரே நீண்ட கதை.

வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் உண்மையாக நடந்ததையும் வலப்பக்கத்தில் நூலில் நடப்பதையும் எழுதிக்கொண்டு போனால், ஆசிரியர் எந்த இடத்தில் வரலாற்றின் கையைப் பிடித்துத் திருப்புகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். இதற்கு வரலாற்றுப் பட்டம் தேவையில்லை. 1805 ஒக்டோபர் 21ஆம் திகதி டிரபல்கர் கடற்சமரில் பிரித்தானியர் வென்றார்கள் என்பதும், அதே சமரில் அட்மிரல் நெல்சன் இறந்தார் என்பதும், 1806 ஒக்டோபரில் யெனாவில் பிரஷ்யா தோற்றது என்பதும், 1812இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குள் நுழைந்து சிதைந்தார் என்பதும் தெரிந்தால் போதும். முதல் நூலில் டிரபல்கர் நடக்கிறது, பிரித்தானியர் வெல்கிறார்கள், ஆனால் நெல்சன் காயத்தோடு பிழைத்துக்கொள்கிறார். போர்க்களத்தின் முடிவை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் முடிவை மட்டும் மாற்றும் இந்தச் சிறிய திருப்பம், பின்னால் வரப்போகும் பெரிய திருப்பங்களுக்கான ஒத்திகை. முதல் நூலுக்கு அப்பால் எந்தெந்தத் திருப்பம் எங்கே என்று சொல்லப் போவதில்லை. அவற்றை உங்கள் கொப்பியின் வலப்பக்கமே சொல்லட்டும்.

நமது ஊரில் இருந்து வாசிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. பாய்மரக் காலத்துக் கடற்போர் என்பது காற்றுக்காகக் காத்திருக்கும் வேலை என்பதை நாம் வரைபடம் பார்த்து அறிய வேண்டியதில்லை. ஒக்டோபரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கும்போது சோழமண்டலக் கரையோரத்தில், சென்னை உட்பட, கப்பல்கள் ஒதுங்க இடம் இருக்காது. ஒன்றில் பம்பாய் வரை போக வேண்டும், இல்லையேல் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டும். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் இத்துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து பறித்ததும், அதே ஆண்டு ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதனைக் கைப்பற்றியதும், செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே அவரும் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸும் மோதியதும் இதனால்தான். சமாதானத்தின் பின் ஒல்லாந்தரிடம் திரும்பிய கோட்டை 1795இல் மறுபடி ஆங்கிலேயர் வசமானது. தொடரைத் தொடங்குவதற்கு முன் ஒரு மாலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களைக் கடந்து கோணேசர் கோயில் வரை ஏறி, சுவாமி மலையிலிருந்து கடலைப் பார்த்தபடி, இந்த நீரில் இரண்டு கப்பற்படைகள் காற்றின் தயவுக்காக ஒன்றையொன்று சுற்றி வந்திருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். அதன்பின், காற்றைக் கேட்காமல் மேலெழுந்து பறக்கும் ஒரு படை வந்தால் இந்தக் கணக்கு முழுவதும் என்னவாகும் என்று கேட்டுக்கொண்டால், முதல் நூலின் பாதி உங்களுக்கு முன்கூட்டியே விளங்கிவிடும்.

டிராகன்களும் காற்றிலிருந்து முற்றாக விடுதலை பெற்றவை அல்ல என்பது இரண்டாம் நூலில் தெரியவரும். அவற்றாலும் ஓயாமல் பறக்க முடியாது, ஆகையால் சீனாவுக்குப் போகும் டெமரெய்ர் டிராகன்களைக் காவுவதற்கென்றே கட்டிய பெருங்கப்பலில் மாதக்கணக்கில் போகிறது. அந்தப் பயணப் பகுதி நீளம் என்று பலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அது தொடரின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று, அவசரப்படாமல் வாசியுங்கள்.

மிகுந்த கவனத்தோடு பின்தொடர வேண்டியது சாப்பாடு. ‘ரீகல் கொப்பர்’ என்ற இனத்து டிராகன் ஐம்பது தொன் வரை எடை கொண்டது. அதற்குப் பச்சையாக மாடு போட்டே கட்டாது என்பதால், ஒரு நாட்டின் மேய்ச்சல் நிலமும் மந்தையும் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் வான்படை. போர்க்கதைகளில் வீரமும் வஞ்சமும் நிறைய வரும், யார் சமைத்தார் என்பது அரிதாகவே வரும். இத்தொடரிலோ, சீனர்கள் தங்கள் டிராகன்களுக்கு இறைச்சியைத் தானியத்தோடு சேர்த்துக் காய்ச்சிக் கொடுப்பதால் அதே மந்தையைக் கொண்டு பல மடங்கு டிராகன்களைப் பேண முடிகிறது என்பதை இரண்டாம் நூலிலேயே காண்கிறோம். பின் நூல்களில் இதே கஞ்சி ஒரு படைத்தந்திரமாகிறது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கும் ஒரு கிலோ மாவுக்கும் வரிசையில் நின்ற தலைமுறைக்கு, போர் என்பது முதலில் களஞ்சியத்தின் கணக்கு என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொப்பியில் சாப்பாட்டுக்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.

மொழி சற்று இடறும். ஆசிரியர் இன்றைய ஆங்கிலத்தில் எழுதாமல், ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டின் காலத்து நடையைப் பின்பற்றி, நீண்ட வாக்கியங்களிலும் அடக்கமான பேச்சிலும் எழுதியிருக்கிறார். கோபமும் காதலும்கூட மரியாதைச் சொற்களுக்குள் மறைந்தே வரும். முதல் ஐம்பது பக்கங்களை அகராதி பார்க்காமல் வேகமாக வாசித்து ஓசையைப் பழக்கிக்கொண்டு, பின்னர் திரும்பி வந்து சொற்களைப் பாருங்கள். கப்பற் சொற்களில் ‘பிரைஸ்’ என்ற ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். பகைவரிடமிருந்து பிடித்த கப்பலுக்கும் சரக்குக்கும் விலை மதித்து, அந்தப் பணத்தைக் கப்டன் முதல் கடைசி மாலுமி வரை பங்கு பிரித்துக் கொடுப்பது அக்கால வழக்கம். ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ல்ஸ் கடற்படையில் இருந்தபோது, 1801இல் தனக்குக் கிடைத்த இத்தகைய பங்கில் இரண்டு அக்காமாருக்கும் பொற்சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கினார். அந்தச் சார்ல்ஸ் பின்னாளில் அட்மிரலாகி, 1852இல் பர்மாவில் நோயுற்று இறந்து, நமது ஊரின் பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். டிராகன் முட்டையும் ஒரு ‘பிரைஸ்’ ஆகவே லோரன்ஸின் கைக்கு வருகிறது. சட்டப்படி அது ஒரு சரக்கு, ஆனால் பொரித்ததும் வாய் திறந்து பேசுகிறது. சரக்காக வந்தது பேசத் தொடங்கினால் அதற்கு உரிமை உண்டா என்ற கேள்வி, ஒன்பது நூல்களிலும் போரைவிட ஆழமாக ஓடுகிறது.

இங்கே தமிழ் வாசகர் செய்து பார்க்கக்கூடிய ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் எல்லாரும் எல்லாரையும் ஒரே சொல்லால் விளிக்கிறார்கள். நீங்கள் வாசிக்கும்போது மனதுக்குள் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்று பிரித்துப் பாருங்கள். டெமரெய்ர் லோரன்ஸை எப்படி அழைக்கும்? லோரன்ஸ் டெமரெய்ரை எப்போது ‘நீ’ என்பார், சீன அரசவையின் முன்னால் எப்படி அழைப்பார்? நானும் என் மருமகளும் இதைப் பற்றி ஒரு வாரம் வாதாடினோம். குட்டியாக இருந்தபோது ‘நீ’ சரிதான் மாமா, சீன அரச குலத்துக்குரிய இனம் என்று தெரிந்த பிறகும் ‘நீ’ என்பதா என்று அவள் கேட்டாள். விடை எதுவானாலும், அந்தக் கேள்வியோடு வாசித்தால் உரையாடல்கள் இரண்டு மடங்கு கூர்மையாகின்றன. ‘டிராகன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி யாளி, பறவைநாகம் என்றெல்லாம் நாங்கள் முயன்றோம். கோயில் தூணில் நிற்கும் யாளிக்குப் பீரங்கிப்படை ஏற்றிச் செல்லும் முகம் வாய்க்கவில்லை. டிராகன் என்றே விட்டுவிடுவது உத்தமம்.

பெண்கள் வரும் இடங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். அக்காலக் கடற்படையில் பெண்ணுக்குத் தளபதிப் பதவி இல்லை. ஆனால் ‘லோங்விங்’ என்ற அமிலம் உமிழும் இனம் பெண்களை மட்டுமே கப்டனாக ஏற்கும் என்று ஆசிரியர் ஒரு விதியை வைத்திருக்கிறார். இதனால் வான்படைக்குள் மட்டும் பெண்கள் கட்டளையிடுகிறார்கள், வெளியுலகம் அதனைக் கேட்டு முகம் சுளிக்கிறது. லோரன்ஸின் சங்கடத்தைச் சிரிப்போடு வாசிக்கலாம்.

நான்காம் நூலுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இதுவரை ஐரோப்பியரின் சண்டையாக இருந்தது, ஆபிரிக்காவில், அடிமை வணிகத்தின் கரையில், வேறொரு முகம் காட்டுகிறது. பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது 1807இல். நூலில் அந்த விடயத்தைத் தீர்மானிப்பவர்கள் நாடாளுமன்றத்தில் மட்டும் இல்லை. டிராகன்களோடு வாழும் சுவானா மக்கள் தமது ஆட்களைத் திருப்பிக் கேட்கிறார்கள். தொடர் முழுவதிலும் நம் போன்றோர் நின்று பார்க்கும் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது போல் எனக்குத் தோன்றியது இந்த நூல்தான். கோட்டை வாசற்கல்லோடு சேர்த்துச் சொல்லப்படும் பழம் பாட்டில், இந்த ஊரை ஆள வருவோர் பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று கண்ணைக் கொண்டே எண்ணப்படுகிறார்கள். கரையில் நிற்பவருக்கு, வருபவரின் கொடி எது என்பதைவிட அவரது கண் என்ன நிறம் என்பதே முதலில் தெரிந்திருக்கிறது. லோரன்ஸ் நல்லவர், நேர்மையானவர், ஆயினும் அவரும் கப்பலில் வந்து இறங்குபவர்தான் என்பதை மறக்காமல் வாசியுங்கள்.

ஐந்தாம் நூலில் வெல்லஸ்லி என்ற கடுகடுத்த தளபதி வருகிறார். பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு எனப்பட்ட அவர் 1800இன் முடிவில் படை திரட்டுவதற்காகத் திருகோணமலைக்கு வந்திருந்தார். பிரெட்ரிக் கோட்டைக்குள் ஒரு பழைய வீடு இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. அதனைக் கடந்து போனபின் அவரது வசனங்களை வாசிப்பது தனி அனுபவம்.

ஆறாம் நூல், அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் நடப்பது, தொடரில் மிக மெதுவானது. அதில் பலர் நின்றுவிடுகிறார்கள். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு கடந்துவிடுங்கள், ஏழாம் நூல் இன்கா நாட்டில் மறுபடி வேகம் பிடிக்கும். எட்டாம் நூலில் யப்பானும் சீனாவும் ரஷ்யாவும் வருகின்றன. ஒன்பதாவது, ரஷ்யப் பனியில் இருந்து தொடங்குகிறது. அங்கே உங்கள் கொப்பியின் சாப்பாட்டுப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள், அது தேவைப்படும்.

பிள்ளைகளோடு வாசிப்பதானால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் பொருந்தும். மாலுமிகளுக்குக் கசையடி, அடிமைக் கப்பலின் உட்பகுதி, டிராகன்களிடையே பரவும் கொள்ளை நோய் ஆகியவை வெளிப்படையாகவே வருகின்றன. அந்த அத்தியாயங்களைப் பிள்ளையிடம் தனியாக விட்டுவிடாமல், நீங்கள் முதலில் வாசித்துவிட்டுப் பிறகு அருகில் அமர்ந்து வாசியுங்கள். என் மருமகள் நான்காம் நூலை முடித்த இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாள் காலையில் ஐந்தாம் நூலைக் கேட்டாள்.